நாக்கடியில் ஒரு கல்

...வெங்காயம்தான், சந்தேகமே இல்லை, பக்கத்து வீட்டில் வெங்காயம் வதக்குகிறார்கள், இஞ்சி பூண்டு விழுது இப்போதுதான் எண்ணெயில் விழுந்திருக்க வேண்டும், அந்தச் சொர்ரென்ற சத்தம்கூடக் காதில் விழுந்த மாதிரி இருக்கிறது, யா அல்லாஹ், இப்போது வேண்டாம், இந்த நேரத்தில் வேண்டாம், மூக்கை அடைத்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டுப் பார்க்கிறேன், கூடத்தின் நடுவில் மச்சானைக் கிடத்தியிருக்கிறார்கள், தலைமாட்டில் ஊதுபத்தி, பெண்கள் பக்கத்திலிருந்து யாசீன் ஓதும் சத்தம், அத்தனையையும் தாண்டிக்கொண்டு அந்த வெங்காயம் ஜன்னல் வழியாக நுழைந்து இவ்வளவு கூட்டத்தில் என்னை மட்டும் தேடிப் பிடிக்கிறது. வந்துவிட்டது. வலது தாடைக்குக் கீழே ஒரு சின்ன இழுப்பு, பிறகு உள்ளிருந்து யாரோ கட்டைவிரலால் அமுக்குவது போல வலி, இன்னும் கொஞ்ச நேரத்தில் கோலிகுண்டு அளவுக்கு வரும், அப்புறம் பெரிய நெல்லிக்காய் அளவுக்கு, கைக்குட்டையால் மறைத்தாலும் தெரியும், தெரியாமல் இருக்குமா... என் அக்கா நஜ்மாவின் புருஷன் இங்கே வெள்ளைத் துணிக்குள் கிடக்கிறார், அவர் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டு எனக்கு வாய் ஊறுகிறது, வெட்கம்கெட்ட வாய்.

விடியற்காலைத் தொழுகைக்குக் கைகால் முகம் கழுவி ஒளூ செய்யப் போனவர் குழாயடியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம், கோவளத்திலிருந்து கேளம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள், ஆட்டோவிலேயே, அக்காவின் மடியிலேயே முடிந்துவிட்டது. போன் வந்தபோது நான் நாவலூர் ஃபிளாட்டில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன், அப்படியே ஓடி வந்தவன், ஒரு டீகூடக் குடிக்கவில்லை, அதனால்தானோ... இல்லை, டீ குடித்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும், என் தாடையை எனக்குத் தெரியாதா. மவுத்தான வீட்டில் மூன்று நாளைக்கு அடுப்பு எரியக்கூடாது, பக்கத்து வீட்டார்தான் ஆக்கிக் கொடுக்க வேண்டும், ஊர் வழக்கம், நல்ல வழக்கம்தான், அழுகிறவர்களை யாரும் அரிசி களையச் சொல்ல முடியாது, அதற்காகத்தான் சைனம்பு மாமி அடுத்த வீட்டில் அடுப்பு மூட்டியிருக்கிறார், வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கும் சேர்த்துப் பெரிய சட்டியில். அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர்கள் ஜன்னலைப் பற்றி யோசித்தார்களா, இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு ஆள் நுழையும் சந்துகூடக் கிடையாது என்பது அவர்களுக்குத் தெரியுமா? மற்றவர்கள் எல்லாருக்கும்தான் வாய் ஊறியிருக்கும், இதோ என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கும் ஊறியிருக்கும், அவர் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டுத் தாடியைத் தடவிக்கொள்கிறார், அவர் வெட்கப்பட வேண்டியதில்லை, அவருக்கு நாக்கடியில் கல் இல்லை.

கல்தான். தாடைக்குக் கீழே ஒரு உமிழ்நீர்ச் சுரப்பி இருக்கிறது என்பதே ஆறேழு மாதம் முன்புவரை எனக்குத் தெரியாது, சாப்பிட உட்கார்ந்தால் தாடை வீங்குகிறது என்று செங்கல்பட்டில் ரூத் டாக்டரிடம் போனபோது அவர்தான் ஒரு துண்டுக் காகிதத்தில் முகம் வரைந்து காட்டினார், காதுக்கு முன்னால் ஒரு ஜோடி, தாடைக்குக் கீழே ஒரு ஜோடி, நாக்குக்கு அடியில் ஒரு ஜோடி, தாடைக்குக் கீழ இருக்கிறவன்தான் சார் வம்பு புடிச்சவன், எச்சில் கொஞ்சம் கெட்டி, குழாய் வேற நாக்கடிக்கு மேல்நோக்கி ஏறுது, சுண்ணாம்பு படிஞ்சு கல்லு கட்டிக்கிச்சு, சுரக்கிறது வெளிய வர வழியில்லாம பின்னாடியே தேங்கி வீங்குது, அவ்வளவுதான், பயப்படாதீங்க. சாப்பாடு நாக்குல படணும்னே அவசியமில்ல, வாசனை போதும், நினைப்பு போதும், மூளைத்தண்டுல ஒரு இடம் இருக்கு, அது நரம்பு வழியா உத்தரவு போட்டுடும், நீங்க சொல்லி சுரக்கிறதுமில்ல, நீங்க சொல்லி நிக்கிறதுமில்ல. பயம் வந்தா, திகில் வந்தா மட்டும் மூளையே அந்தக் குழாயை மூடிடும், மேடையேறினா நாக்கு ஒட்டிக்குதே, அது... இதையெல்லாம் என்னைவிடக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் மச்சான்தான், என்னை வண்டியில் உட்கார வைத்து அங்கே கூட்டிப்போனதும் அவர்தான், கடைசியில் ஒரு கேள்வி வேறு கேட்டார், "அப்போ டாக்டரம்மா, இவன் பசிக்கலன்னு பொய் சொன்னா நம்ம கண்டுபுடிச்சிடலாம், இன்னா?" டாக்டர் சிரித்துவிட்டார். திரும்பி வரும்போது நான் கேட்டுக்கொண்டேன், அக்காவிடம் சொல்ல வேண்டாம் மச்சான், எங்களைப் பெற்ற அத்தாவுக்கும் கழுத்தில் ஒரு கட்டியில்தான் ஆரம்பித்தது, புற்றுநோய் என்று தெரிவதற்குள் பாதி ஆளாகிவிட்டார், கட்டி என்ற சொல்லைக் கேட்டாலே அக்கா உடைந்துபோவாள். "ஒங்க அக்காகிட்ட மூச்சு வுடமாட்டேன் மாப்ள," என்றார், விடவில்லை. அதிலிருந்து நான் இந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டதில்லை, அக்கா எதிரில் தாடை வீங்கிவிடுமே என்று, இப்போதுதான் சாப்பிட்டேன், வயிறு சரியில்லை, ஆபீசில் பார்ட்டி, எத்தனை சாக்கு.

"அல்லாவே, இந்தப் புள்ளையப் பாருங்களேன்," என்கிறார் சைனம்பு மாமி, கரண்டிக் கையோடு வாசலில் வந்து நின்றவர், நான் கைக்குட்டையை எடுத்த ஒரு நொடியில் பார்த்துவிட்டார், "மச்சானுக்காக அழுது அழுது மூஞ்சே வீங்கிகினு கீது பாவம்." பத்துத் தலைகள் என் பக்கம் திரும்புகின்றன, உச்சுக் கொட்டுகின்றன, யாரோ முதுகைத் தடவுகிறார்கள், யாரோ தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறார்கள், அழுதால் ஒரு பக்கம் மட்டும் வீங்குமா என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நான் அழவே இல்லை. காலையிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை, கண்ணைக் கசக்கிக்கூடப் பார்த்தாயிற்று. அப்போதே சொல்லியிருக்க வேண்டும், இல்ல மாமி, இது அழுகை இல்ல, ஒங்க வெங்காயம், என்று... சொல்ல முடியுமா? அதற்குள் அக்கா வந்துவிட்டாள். பெண்கள் நடுவிலிருந்து எழுந்து நேராக வந்து என் எதிரில் உட்கார்ந்து என் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள், அவள் உள்ளங்கை சரியாக அந்த வீக்கத்தின் மேல் இருந்தது, வலித்தது, நான் அசையவில்லை. "எனக்குக் கண்ணே காஞ்சி கெடக்குதுடா முபஷ்ஷிர்," என்றாள் மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி, "எல்லாரும் அழுவுறாங்க, எனக்கு வரமாட்டேங்குது, நான் இன்னா கல்லா... ஒன் மூஞ்சியப் பாத்தாதான்டா நெசம்னு தோணுது. எனக்கும் சேத்து நீ அழுதுட்ட." என் சுரப்பி அவள் கைக்குள் இன்னும் கொஞ்சம் பெரிதானது, மாமி திரும்பிப் போய்ச் சட்டியில் தக்காளியைப் போட்டிருக்க வேண்டும். பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது.

தெரிந்தவள் ஒருத்தி இருக்கிறாள். ஆஸ்மா, என் மனைவி, தூண் ஓரமாக உட்கார்ந்து முக்காட்டுக்குள்ளிருந்து பார்க்கிறாள், அவள் கண் என் கண்ணைப் பார்க்கவில்லை, தாடையைப் பார்க்கிறது, அடுப்பில் என்ன வேகிறது என்று மூடியைத் திறந்து பார்க்கிற மாதிரி என் தாடையைப் பார்த்தே எனக்கு எவ்வளவு பசி என்று சொல்லிவிடுவாள், ஆறு மாதப் பழக்கம். தண்ணீர் குடிக்கிற சாக்கில் பின்கட்டுக்குப் போனால் பின்னாலேயே வந்துவிட்டாள். "இன்னாங்க, ரொம்பப் பசிக்குதா? பைக்குள்ள பிஸ்கட் கீது, பாத்ரூமுக்குப் போற மாதிரி போய்த் தின்னுட்டு வாங்க, யாரும் பாக்கமாட்டாங்க." நான் "ச்சீ, போ அந்தாண்ட" என்றேன், சொன்ன வேகத்தில் அவள் முகம் சுருங்கிவிட்டது, "ஒடம்புதானேங்க, அதுக்குத் தெரியுமா யாரு செத்தாங்கன்னு," என்று சொல்லிவிட்டுப் போனாள். தெரிய வேண்டாமா? அதைத்தானே கேட்கிறேன், இந்த உடம்புக்குத் தெரிய வேண்டாமா? என்னை விட்டுவிட்டு அது மட்டும் தனியாக ஒரு குடித்தனம் நடத்துகிறதா உள்ளே? அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், பசிக்குதா என்று கேட்டதுதான் தாங்கவில்லை, அதிலும் அந்த பிஸ்கட் எது என்று உடனே மனதில் ஓடியது பாருங்கள், ஏலக்காய் வாசனை வருமே, அந்த மஞ்சள் பாக்கெட்...

அவர் இருந்திருந்தால் சிரித்திருப்பார். சத்தியமாக, தன் மய்யித்துக்கு வந்தவன் தாடை வீங்கி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருப்பார் மச்சான். புளிப்பு சப்பணும், நிறையத் தண்ணி குடிக்கணும், பின்னாலேர்ந்து முன்னால நீவி விடணும், கல்லு தானா வந்தாலும் வந்துடும், இல்லன்னா எடுத்துடலாம், என்று டாக்டர் சொன்னதை நான் இரண்டே நாளில் மறந்துவிட்டேன், அவர் மறக்கவில்லை, சிறுசேரியில் எங்கள் ஐ.டி. பார்க் வாசலில்தான் அவருடைய ஜூஸ் கடை, சாயங்காலம் நாலு மணி பிரேக்குக்கு நான் கேட்டைத் தாண்டி வந்தால் போதும், சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே எலுமிச்சம்பழத்தை உயர்த்திக் காட்டுவார். ஐ.டி. கார்டு கழுத்தில் தொங்க நான் ஸ்டூலில் உட்கார்ந்து அண்ணாந்து வாயைத் திறக்க வேண்டும், பாதிப் பழத்தை உப்புத் தொட்டு நாக்கில் பிழிவார், பிழியும்போது எனக்குப் பதிலாக அவர் முகம் சுருங்கும், இடது கண் பாதி மூடிக்கொள்ளும், உதடு ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும், பிறகு தாடைக்குக் கீழே கட்டைவிரலை வைத்து மெதுவாக முன்னால் தள்ளிக்கொண்டு வருவார், "கொஞ்சம் பொறு மாப்ள, வரும்... வரும்..." சில நாள் உப்புக் கரிக்கும் ஒரு தண்ணீர் குபுக்கென்று நாக்கடியில் வந்து வலி விட்டுப்போகும், கல் மட்டும் வராது. பக்கத்து டீக்கடை ஜோஷ்வா இதைப் பார்த்துவிட்டு மச்சான் பெயரில் டாக்டர் சைஃபுல்லா என்று போர்டு வைக்கச் சொல்வான். எனக்குக் கூச்சமாக இருக்கும், டீமில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று ஒரு கண் கேட்டின் மேலேயே இருக்கும், ஆமாம், அதற்கும் வெட்கப்பட்டவன்தான் நான். ஒருநாள் பழ வண்டி வரவில்லை, கையை விரித்துக்கொண்டு வெறுமனே நின்றார், நான் சாலையைக் கடந்து அவர் அருகில் போவதற்குள் தாடை புடைத்துவிட்டது. பழமே இல்லாமல்! அவர் தொட்டுப் பார்த்துவிட்டுக் கடையதிரச் சிரித்தார், "இன்னாடா இது, என் மூஞ்சப் பாத்தே ஊறுதா ஒனக்கு? நான் கடைய மூடிட்டாகூட வைத்தியம் நடக்கும் போலக் கீதே!"

"மொகம் பாக்கறவங்க வந்து பாத்துக்கங்க, மூடப் போறோம்," என்று யாரோ குரல் கொடுக்கிறார்கள், குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, முகத்தை மட்டும் திறந்து வைத்திருக்கிறார்கள், கற்பூர வாசனை, நல்லவேளை, கற்பூரத்துக்கு எதுவும் ஊறாது, வெங்காயம் அடங்கிவிட்டது, வீக்கமும் பாதி இறங்கியிருக்கிறது, இதுதான் சமயம், மனிதனாக ஒரு முறை அவரைப் பார்த்துவிட வேண்டும் என்று எழுந்து போகிறேன். குனிகிறேன். இடது கண் முழுக்க மூடவில்லை. யாரோ மூடிவிட்டுத்தான் இருப்பார்கள், அது மறுபடி பாதி திறந்துகொண்டிருக்கிறது, உதடும் ஒரு பக்கமாக, கொஞ்சமே கொஞ்சம்... மச்சான் எனக்கு எலுமிச்சம்பழம் பிழிகிறார். அதே முகம். ஐயோ, அதே முகம்... குபீரென்று நாக்கடியில் ஊற்றெடுத்துவிட்டது, வெங்காயத்துக்குக்கூட இப்படி வந்ததில்லை, வாய் நிறைய, கன்னம் நிறைய, தாடை கல் மாதிரி இறுகி வலி காதுவரை ஏறுகிறது, விழுங்குகிறேன், அந்தச் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டிருக்கும், மறுபடி ஊறுகிறது, ஒரு சொட்டு அந்த வெள்ளைத் துணியில் விழுந்துவிட்டால் என்ன ஆவது, கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு பின்வாங்குகிறேன், "தாங்க முடியல பாவம், புடிங்கப்பா, புடிங்க," என்று இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொள்கிறார்கள், கதவருகில் அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், நன்றியோடு பார்க்கிறாள், யா அல்லாஹ், நன்றியோடு... ஆஸ்மாவும் பார்க்கிறாள், இந்த முறை அவள் கண்ணில் பிஸ்கட் இல்லை, பயம் இருக்கிறது, இப்போது எதற்கு வீங்கியது என்று அவளுக்கே புரியவில்லை. மய்யித்தின் முகத்தைப் பார்த்து வாய் ஊறியவன் இந்த ஊரில் எனக்கு முன்னால் யாராவது இருந்திருப்பானா, நினைத்தாலே உடம்பு கூசுகிறது.

பள்ளிவாசலில் ஜனாஸா தொழுகைக்கு வரிசையில் நிற்கிறோம், குனிவது இல்லை, நெற்றி தரையில் படும் ஸுஜூது இல்லை, நின்றபடியே, அந்த அமைதியில் என் வயிறு ஒரு நீண்ட சத்தம் போடுகிறது, பக்கத்தில் நிற்பவரின் தோள் லேசாக அசைகிறது, கேட்டிருக்கிறார். வயிற்றையும் டாக்டர் விட்டுவைக்கவில்லை அன்றைக்கு, சோறு தொண்டையைத் தாண்டுறதுக்கு முன்னாடியே மூளையிலிருந்து ஒரு நீளமான நரம்பு போய் வயித்தைத் தட்டி எழுப்பிடும், அமிலம் ஊற ஆரம்பிச்சுடும், அப்புறம் சாப்பாடு உள்ளே போனா அது பாட்டுக்கு இன்னும் சுரக்கும், போதும்கிற அளவு புளிப்பு ஏறினா வயிறே தன்னை நிறுத்திக்கும், இல்லாட்டி அந்த அமிலம் நம்மளையே தின்னுடும் சார்... வயிற்றுக்கு இருக்கிற அளவுகூட எனக்கு இல்லை. கபர்ஸ்தானில் மண் தள்ளுகிறார்கள், கடல் காற்றில் பாதி மண் எங்கள் முகத்துக்கே திரும்பி வருகிறது, மூன்று கைப்பிடி போட்டுவிட்டு ஓரமாக ஒதுங்கி நிற்கிறேன், பள்ளிக்கூடத்தில் ஒரு பாடம் இருந்ததே, நாய்க்குச் சோறு வைக்கும்போதெல்லாம் மணி அடிப்பார்கள், கொஞ்ச நாள் போனால் சோறே இல்லாமல் மணிக்கு மட்டும் எச்சில் ஒழுகும், படம்கூட இருக்கும், வகுப்பே சிரிக்கும். நான்தான் அந்த நாய். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நாய் மணி அடித்தவரைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருந்தது? அவர் ஒருநாள் வராமலே போனால், மணியே கேட்காமல் போனால், அது எச்சிலை என்ன செய்தது, வாசலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்ததா? பாடத்தில் அது இல்லை, கேள்வியும் யாரும் கேட்கவில்லை, நான்கூடக் கேட்கவில்லை.

"முபஷ்ஷிர்," என்று பின்னாலிருந்து தொட்டவன் ஜோஷ்வா, டீக்கடையைப் பாதியில் மூடிவிட்டு வந்திருக்கிறான், சட்டையில் பால் கறை, "கட சாவி என்னாண்டதான் கீது, அக்காகிட்ட குட்த்துடு," என்று என் கையில் வைத்தான், கூடவே காகிதத்தில் சுற்றின ஒன்று, சில்லென்று இருந்தது. "நேத்து நாலு மணிக்கு ரோட்டையே பாத்துகினு இருந்தாரு அண்ணாத்த. நீ வர்ல. போன் போட்டாரு, நீ எடுக்கல." மீட்டிங்கில் இருந்தேன், போன் மேஜையில் அதிர்ந்துகொண்டே நகர்ந்தது, திருப்பிப் போட்டேன், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று. "சரி, பையன் வேலையா கீறான்னு சொல்லிட்டு, இருக்கறதுலயே நல்ல தோலு மெலிசா கீறதா ஒன்ன எடுத்து ஐஸ் பொட்டில தனியா வெச்சாரு, அத எவனுக்கும் அறுத்துடாதடான்னு என்னாண்ட சொல்லிட்டுப் போனாரு... நான் இன்னா பண்றது இத, அதான் எடுத்தாந்தேன்." சொல்லிவிட்டு அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான், தோள் குலுங்கியது, அவனுக்கு அழுகை எவ்வளவு சுலபமாக வருகிறது. நான் பழத்தைப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன், அது தொடையில் சில்லென்று பட்டுக்கொண்டே வந்தது வீடு வரைக்கும். கார்கள், பஸ்கள், கடலில் குளிக்க வந்த கூட்டம், எல்லாம் வழக்கம் போல.

வீட்டில் பாய் விரித்து வரிசையாக உட்கார வைத்துவிட்டார்கள், வெளியூர்க்காரர்கள் நன்றாகவே சாப்பிடுகிறார்கள், இரண்டாவது முறை வாங்கிக்கொள்கிறார்கள், யாரும் யாரையும் தப்பாக நினைக்கவில்லை, சைனம்பு மாமி என் தட்டில் சோற்றை வைத்து, காலையிலிருந்து என்னைப் படாத பாடு படுத்திய அந்தக் குழம்பை ஊற்றி, ஓரமாக ஒரு மாங்காய் ஊறுகாய்த் துண்டும் வைத்தார். ஊறுகாய்! இரண்டு தட்டு தள்ளி இருந்தாலே எனக்குத் தாடை புடைக்கும், ஆக, வரப்போகிறது, பல்லைக் கடித்துக்கொண்டு வலிக்குத் தயாராகிறேன், கையால் தாடையைப் பொத்திக்கொள்கிறேன், உள் அறை வாசலில் அக்கா வந்து நிற்கிறாள், "சாப்புட்றா... என் வூட்டுல நீ ஒரு வாய் சாப்டு எத்தினி நாளாவுது," என்கிறாள், ஒரு கவளம் எடுத்து வைக்கிறேன். ஒன்றுமில்லை. மெல்கிறேன், சோறு நனையவில்லை, பருக்கை பருக்கையாக வாய்க்குள் உருளுகிறது, கபர்ஸ்தான் மண்ணை வாயில் போட்டுக்கொண்ட மாதிரி, ஊறுகாயைக் கடிக்கிறேன், புளிப்பு தெரிகிறது, காரம் தெரிகிறது, தண்ணீர் வரவில்லை, கையை எடுத்துவிட்டு விரலால் தடவிப் பார்க்கிறேன், தாடைக்குக் கீழே தட்டையாக இருக்கிறது, கல் விழுந்துவிட்டதா, நாக்கு நுனியால் அடியில் தேடுகிறேன், கல் அதே இடத்தில் நிரடுகிறது, குழாய் அப்படியே, கல் அப்படியே, சுரப்பதுதான் நின்றுவிட்டது. எப்போது நின்றது? பழத்தைக் கையில் வாங்கியபோதா, இல்லை அதற்கும் முன்பா, நான் கவனிக்கவே இல்லையே.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "வீக்கம் வடிஞ்சிட்ச்சே," என்கிறாள், "மனசு ஆறிட்ச்சாடா ஒனக்கு?" குத்திக்காட்டவில்லை, அவளுக்கு அது வராது, உண்மையாகவே கேட்கிறாள், கேட்டுவிட்டுக் கதவு நிலையைப் பிடித்திருந்த கையைக் கீழே விட்டுவிடுகிறாள், எனக்கு முன்னால் நீ கரையேறிவிட்டாயா, சரி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்பது போல. இல்ல அக்கா, இப்பதான் ஆரம்பிக்குது, காலையில இருந்தது பசி, ஒன் கைக்குள்ள வீங்கினது பசி, அவர் மொகத்தைப் பாத்து வீங்கினது என்னன்னு எனக்கே தெரியல, இப்ப இது, இந்தக் காய்ஞ்ச வாய்தான்... எல்லாம் வரிசையாக நாக்கு நுனிவரை வருகிறது, நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, பேசுவதற்கும் ஈரம் வேண்டும் என்று இவ்வளவு நாள் தெரியாது எனக்கு. தலையை ஆட்டுகிறேன். ஆமாம் என்று. காலையிலிருந்து தாடை சொன்னதெல்லாம் தாடை சொன்ன பொய், இது நான் சொன்னது. அக்கா உள்ளே போய்விட்டாள்.

தண்ணீர்ச் சொம்போடு வரிசையில் வந்த ஆஸ்மா என் எதிரில் குனிகிறாள், வழக்கம் போல முதலில் தாடையைத்தான் பார்க்கிறாள், பார்த்த கண் அங்கேயே நிற்கிறது, முழுத்தட்டுச் சோற்றைப் பார்க்கிறாள், கடித்த ஊறுகாயைப் பார்க்கிறாள், மறுபடி தாடையை, அப்புறம்தான் மெதுவாக நிமிர்ந்து என் முகத்தை... சொம்பை வைத்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மணி நாலு இருக்கும். பாக்கெட்டிலிருந்து பழத்தை எடுக்கிறேன், கத்தி இல்லை, தோலோடு கடிக்கிறேன், கசப்பு, அதற்குப் பின்னால் புளிப்பு, பல் கூசுகிற புளிப்பு, அது நாக்கில் வந்து நிற்கிறது, உள்ளிருந்து எதுவும் எழுந்து வரவில்லை, கட்டைவிரலைத் தாடைக்குக் கீழே வைத்துப் பின்னாலிருந்து முன்னால் நானே நீவிப் பார்க்கிறேன், அவர் நீவுகிற மாதிரி வரவில்லை, கொஞ்சம் பொறு மாப்ள, வரும், வரும் என்பார்... பொறுத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன் மச்சான், எது வரும் என்று நீங்கள் ஒரு நாளும் சொல்லவில்லையே.